மலை நிறைந்த பெட்டி

உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திய சூட்டோடு தண்டாயுதபாணி குருக்கள் டி.வி.எஸ். ஐம்பதை உதைக்கிறார். அது எழுந்திருக்க மனமில்லாத எருமை மாதிரி இருமி, செருமி, புகையைத் துப்பிவிட்டுத்தான் கிளம்பும். வீட்டில் இலை போட்டுக் காத்திருக்கிறாள் மனைவி பாகம்பிரியாள். ஆனால் வண்டி வீட்டுப் பக்கம் திரும்பாது. செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வாடகைச் சைக்கிள் எடுக்கிற கடையை ஒட்டி வேடியப்பன் நடத்தும் நெட் சென்டரில் போய்த்தான் நிற்கும். நேற்றுவரை எஸ்.டி.டி. பூத்தாக இருந்த இடம் அது. கண்ணாடிக் கூண்டு இன்னும் ஒரு மூலையில் போனோடு நிற்கிறது.

ஓரத்து மிஷின் குருக்களுக்கென்று விட்டது. அதன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் அரைப்படி விபூதி கொட்டும் என்று வேடியப்பன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். சுத்தப் பொய். கால்படிதான் கொட்டும். குருக்கள் மோதிர விரலால் மட்டுமே தட்டுவார். விபூதி எடுக்கிற விரல் அது. "ஆள்காட்டி விரல் ஆகாது, வேடியப்பா. அது குத்தம் சொல்ற விரல்" என்பார். அந்த ஒற்றை விரலால் விலாசத்தையும் பாஸ்வேர்டையும் அவர் போட்டு முடிப்பதற்குள், பக்கத்து மிஷின் இஸ்ரேல்காரன் அப்பாவுக்கொன்று அம்மாவுக்கொன்று எழுதி அனுப்பிவிட்டு, எதிர்க்கடையில் இளநீரும் குடித்துவிட்டு வந்துவிடுவான்.

பெட்டி திறக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. குருக்கள் மூக்குக்கண்ணாடியைத் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை தட்டுவார். அப்போதும் இருக்காது. அமெரிக்காவில் இருக்கிற மகள் தாட்சாயிணியிடமிருந்து ஒரு வரி வர வேண்டும். அதற்குத்தான் இந்த வெயிலில் இந்த அலைச்சல். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று வேடியப்பன் பிரிண்டரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான். அவன் கடைப் பிரிண்டரைப் போல மினுங்குகிற பிரிண்டர் இன்று திருவண்ணாமலையில் கிடையாது.

போன மார்கழி வரைக்கும் அந்தப் பெட்டிக்குள் கை நுழைக்க இடமில்லாமல் இருந்தது.

பெட்டி வைத்துக் கொடுத்தவள் மார்த்தா. சிகாகோக்காரி. வருஷா வருஷம் தீபத்துக்கு வந்து, அடி அண்ணாமலையில் அறை எடுத்து, முந்தானையை எங்கே விடுவது என்று தெரியாமல் புடவையை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக்கொண்டு கிரிவலம் போகிற அம்மாள். ஊருக்குப் போன பிறகும் தன் பேருக்கு அர்ச்சனை நடக்க வேண்டும், தபாலில் எழுதினால் மாதம் ஒன்று ஓடிவிடுகிறது என்று சொல்லி, தனக்குத் தெரிந்த ஒரு சின்னக் கம்பெனியில் இலவசமாக ஒரு விலாசம் வாங்கித் தந்தாள். பெட்டி பிரசாதப் பொட்டலம் அளவுதான். அவள் போய்த் தன் சிநேகிதிகளிடம் சொன்னாள். சிநேகிதிகளுக்கும் சிநேகிதிகள் உண்டல்லவா? தண்டாயுதபாணி குருக்கள் அடுத்த தெருவைத் தாண்டாமலே உலகம் முழுவதும் தெரிந்தவராகிவிட்டார்.

மெயிலை அழிக்க அவரிடம் ஒரு விதி இருந்தது. எழுதியவர் பேரைச் சன்னிதியில் சொல்லி ஒரு பூவாவது போட்ட பிறகுதான் அழிக்கலாம். "தட்டோட வந்து வாசல்ல நிக்கறவாளைப் போ போன்னு விரட்டுவேனா? இதுவும் அப்படித்தான்." ஆனால் கோயிலில் பங்காளிகள் அதிகம். அவருக்கு முறை வருகிற நாள் வந்தால்தான் சன்னிதி. முறையில்லாத நாட்களில் பேர்களெல்லாம் பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும்.

யார் பேர் என்று அவர் பேதம் பார்த்ததுமில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு விதவை அம்மாள் எழுதுவாள். புற்றுநோயில் படுத்திருக்கிறாளாம். கோடிக்கணக்கான டாலரை ஒரு நல்ல மனிதர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூட வேண்டுமாம். வாரத்துக்கு ஒரு பேரில் வருவாள். வாரத்துக்கு ஒரு உறுப்பில் நோய் இருக்கும். குருக்கள் கோடி வரைக்கும் படித்ததே இல்லை. நோய் வந்ததுமே கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"பாவம், இந்த மாமிக்கு இன்னும் சொஸ்தமாகலே, வேடியப்பா."

"சாமி, அது டுபாக்கூரு சாமி. பேங்க் நம்பர் வாங்கிக்கினு மொட்டையடிச்சிருவான்."

"எனக்கு ஏதுடா பேங்க்? பேரைச் சொன்னேன், பூவைப் போட்டேன். அவ்வளவுதான்."

ஆண்பிள்ளைகளுக்கு வீரியம் தருகிற மாத்திரை விற்கும் ஒரு டாக்டரும் நாள் தவறாமல் எழுதினார். அவர் பேருக்கும் வில்வம் விழுந்தது. அந்த வருஷம் டாக்டர் கடல் பார்த்த பங்களா வாங்கியதாகவும், கிரகப்பிரவேசத்துக்கு நம் குருக்களைத்தான் அழைக்க இருந்ததாகவும் வேடியப்பன் சொல்கிறான். அவன் சொன்னால் ஒரு பங்கைத்தான் நம்ப வேண்டும். அந்த ஒரு பங்கு எது என்பதுதான் தெரியாது.

இவை எல்லாம்கூடத் தேவலை. பெட்டியை அடைத்தது மலை. மலையடிவாரத்தில் பிறந்து, மலை முகத்தில் விழித்து, மலைக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதருக்கு, வந்துபோன வெள்ளைக்காரர்கள் தாங்கள் பிடித்த மலைப் படத்தை ஊர் ஊரிலிருந்து அனுப்பினார்கள். விடிகாலை மலை, மேகம் போர்த்திய மலை, குரங்கு பாதி மறைத்த மலை. ஒவ்வொரு படமும் கல்யாணப் பந்தியில் வேஷ்டியை விரித்து உட்கார்ந்துவிட்ட சம்பந்தி மாதிரி இடத்தை அடைத்துக்கொள்ளும்.

"இதுங்களையாச்சும் தூக்கிரலாமா சாமி?"

"மலைடா அது! மலைன்னா யாரு? லிங்கம். லிங்கத்தைத் தூக்கிப் போடச் சொல்றியா?"

"போட்டோதானே சாமி."

"உங்கம்மா போட்டோவைக் கிழிப்பியோ?"



இத்தனை நெரிசலுக்கு நடுவில் வாரம் ஒரு தடவை, ஒல்லியாக, படம் கிடம் எதுவும் இல்லாமல், தாட்சாயிணியின் மெயில் வந்து நிற்கும். ஒரே பெண். மாப்பிள்ளை ஸ்கந்தன் காஞ்சிபுரம் பக்கத்துக் குருக்கள் வீட்டுப் பிள்ளை, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் உத்தியோகம். அவனுக்கும் சிகாகோ. அங்கே போனதும் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து ஒரே விலாசம் வைத்துக்கொண்டார்கள். குருக்களுக்கு அதில் ஒரு பெருமை. "ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி! எப்படி ஒத்துமையா இருக்கா பாரு" என்று கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

"பாஸ்வேர்டு யாருகிட்ட சாமி?" என்று கேட்டான் வேடியப்பன். குருக்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள் தாட்சாயிணி. அப்பா அம்மாவுக்கு நமஸ்காரம், நான் சௌக்கியம், மாப்பிள்ளை சௌக்கியம், இங்கே குளிர். அடுத்த வாரமும் அதே சௌக்கியம், அதே குளிர். வேனில் வந்தால் குளிருக்குப் பதில் வெயில். குருக்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு போய் வீட்டில் ஒப்பிப்பார். பாகம்பிரியாளுக்கு மட்டும் அது தொண்டையில் இறங்காது.

"இவ என்ன, வானிலை அறிக்கையா வாசிக்கறா? ஒரு சண்டை உண்டா, ஒரு ஆசை உண்டா? ஊறுகா வேணும்னு ஒரு வார்த்தை கேக்கப்படாதோ?"

"சௌக்கியமா இருக்கறவா வேற என்னத்தை எழுதுவா?"

"எங்கிட்ட ஒரு நாழி சும்மா இருக்கமாட்டாளே அவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன கார்த்திகையில் தீபம் ஏற்றிய மறுநாள் பெட்டி திணறியது. மலை உச்சியில் எரிகிற ஜோதியைப் படம் பிடிக்காத மனிதன் அன்றைக்கு ஊரில் இல்லை. பிடித்ததைக் குருக்களுக்கு அனுப்பாதவனும் இல்லை. திரையின் தலையில் சிவப்பாக ஒரு வரி வந்து உட்கார்ந்தது. வேடியப்பன் அதைப் படித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தான்.

"சாமி, இது இனிமே தாங்காது. கம்பெனிய மாத்திக்கலாம். இப்ப புதுசா ஒண்ணு வந்துகீது. எடம் கடலாட்டம். ஆயுசுக்கும் நீங்க எதையும் அழிக்க வாணாம். ஆப்பிரிக்கா அம்மா, மாத்திரை டாக்டரு எல்லாரையும் அதுவே ஓரங்கட்டிரும்."

"வேற என்ன இருக்கு?"

"நம்ம ஊர்க்காரன்து ஒண்ணு கீது. மாசத்துக்கு ஒருக்கா தொறக்கலைன்னா மொத்தமா வழிச்சிப் போட்டுருவான். இன்னொண்ணு, வருசத்துக்கு வருசம் காசு கட்டணும். கட்டுனா தொந்தரவு கம்மி."

குருக்கள் மூன்றையும் மாடு பிடிக்கப் போனவர் பல்லைப் பார்ப்பது போல விசாரித்தார். கடைசியில், "இதுல எவன் நடை சாத்தாம இருப்பான்?" என்று கேட்டார். கடலாட்டம் இருப்பவன் இப்போதைக்குச் சாத்தமாட்டான் என்றான் வேடியப்பன்.

"சரி, கடலுக்கே போயிடுவோம்."

"அப்ப இப்பவே தொறந்துர்றேன். பாப்பாவுக்கு இதுலேருந்தே புது விலாசத்தை அனுப்பிரலாம்."

"இப்பவா? நாளன்னிக்கு மார்கழி பொறக்கறது. மார்கழியிலே யாராவது குடி போவாளா?"

"மெயிலுக்கு என்னா சாமி மார்கழி?"

"விலாசம் மாறித்துன்னா குடி போனதாத்தானே அர்த்தம்? தை பொறக்கட்டும்."

"அதுவரைக்கும் வர்ற மெயிலு?"

"நிக்கட்டும்."

"நிக்காது சாமி. பெட்டி ரொம்பிடுச்சின்னா திரும்பிப் பூடும்."

குருக்கள் சிரித்துவிட்டார். "எங்கேடா போகும்? பௌர்ணமிக்கு எத்தனை ஜனம் நிக்கறது! நடை சாத்தினா வீட்டுக்கா போயிடறா? வெளியிலயே உக்காந்து, தொறந்ததும் உள்ளே வரா. தரிசனம் பண்ணாம எவன் திரும்புவான்?"

அதே நேரம் ஒரு ஜெர்மன்காரி ரயில் டிக்கெட்டை அச்செடுக்கக் கூப்பிட்டாள். வேடியப்பன் எழுந்து போனான். குருக்கள் வண்டியை உதைத்தார்.

மார்கழி முழுக்க விடியலுக்கு முன்னாலேயே கோயில். குளிர்ந்த கல்லில் நின்று நின்று பாதம் வெடித்துவிட்டது. மத்தியானத்தில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. நெட் சென்டர் பக்கமே அவர் வரவில்லை. பெட்டி நிரம்பியபடி நின்றது.

தை பிறந்து முறை வந்த முதல் நாளிலேயே, வேடியப்பன் அச்செடுத்துத் தந்த பட்டியலோடு சன்னிதியில் உட்கார்ந்து, பாக்கியிருந்த பேர்களையெல்லாம் சொல்லித் தீர்த்தார். அவர் உச்சரிப்பில் ஐரோப்பா முழுவதும் பேர் மாறிப்போனது. ஆனாலும் ஒருவரையும் விடவில்லை. தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் மலைப் படங்களை வேடியப்பன் ஒரு சி.டி.யில் ஏற்றித் தந்தான். அதைக் கண்ணில் ஒற்றி மடியில் வைத்துக்கொண்ட பிறகு, ஒவ்வொரு மலைக்கும் கும்பிடு போட்டு ஒவ்வொன்றாக அழித்தார். பெட்டி காலியாயிற்று. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்போ திமுதிமுன்னு வரும் பாரு."

மின்விசிறி சுற்றியது. ஒன்றும் வரவில்லை.

"வரிசை ரொம்ப நீளமோ?"

"வரிசையே இல்ல சாமி. அன்னிக்கே சொன்னேனே. அனுப்புனவங்களுக்கே திரும்பிடும். எழுதுனது எழுதுனபடி, முழுசா, அவங்க பெட்டியில போய் உழுந்துரும்."

குருக்கள் சற்று யோசித்தார். நாலு வாரச் சௌக்கியமும் நாலு வாரக் குளிரும் போயிற்று, போகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே மெயில் வந்தது. மகள் விலாசத்தைப் பார்த்ததும், "கொழந்தைகிட்டேருந்து!" என்று அவர் போட்ட சத்தத்தில் இஸ்ரேல்காரன் திரும்பிப் பார்த்தான். வழக்கம்போல உரக்கவே படிக்க ஆரம்பித்தார். "மாமா, உங்கள் பெண் உங்களுக்கு எழுதியதை உங்கள் பெட்டி வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. நான் படித்தேன். நீங்களும் படியுங்கள். இனிமேல் அவள் எழுதமாட்டாள். ஸ்கந்தன்." அதற்குக் கீழே தாட்சாயிணியின் எழுத்து இருந்தது. அங்கே வந்ததும் குரல் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது.

*அப்பா, இதுக்குப் பதில் போடாதே. போனும் பண்ணாதே. அனுப்பினதும் இங்கே அழிச்சுடுவேன். என் பாஸ்போர்ட்டை எடுத்து ஒளிச்சுட்டார். வலது கையைத் தூக்க முடியலை, இடது கையால அடிக்கறேன். மார்த்தா மாமி இந்த ஊர்தானே? பகல்ல இவர் ஆபீஸ்ல இருப்பார். மாமியை வரச் சொல்லு. கதவைத் தட்டினா நான் கிளம்பிடறேன். அம்மாகிட்டே சொல்லாதே.*

சொன்னபடி அழித்திருக்கிறாள் பெண். தடம் தெரியாமல் துடைத்து வைத்திருக்கிறாள். அப்படித் துடைத்து வைத்த பெட்டிக்குள்தான் அப்பாவிடமிருந்து அது திரும்பி வந்து விழுந்திருக்கிறது, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல். சாயங்காலம் அதைத் திறந்தவன் ஸ்கந்தன்.

சத்தம் நின்றதே என்று வேடியப்பன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் போய் அமெரிக்க எண்ணைச் சுழற்றினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மார்த்தாவுக்கு எழுதினார்கள். மறுநாளே போய்ப் பார்த்து அவள் பதில் போட்டாள். வீடு காலி, வாசலில் வாடகைப் பலகை மாட்டியிருக்கிறது, அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை, போலீசில் சொல்லியிருக்கிறேன் என்றாள். காஞ்சிபுரத்துச் சம்பந்தியைக் கூப்பிட்டால், "வேற ஊருக்கு மாத்தல் ஆயிடுத்து. ரெண்டு பேரும் சௌக்கியம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இதெல்லாம் பாகம்பிரியாளுக்குத் தெரியாது. அம்மாகிட்டே சொல்லாதே என்று பெண் எழுதியிருந்தாள். அவள் கேட்டதில் அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். "கொழந்தை எழுதினாளா?" என்று கேட்டால், குருக்கள் குனிந்து கால் வெடிப்பைப் பார்த்தபடி, "சௌக்கியமாம். குளிராம்" என்கிறார். தை பிறந்ததிலிருந்து மனைவியின் கண்ணை அவர் நேருக்கு நேர் பார்த்ததில்லை.

கடலாட்டம் இருக்கிற கம்பெனிக்கு அவர் குடி போகவில்லை. "இந்த விலாசம்தாண்டா அவளுக்கு மனப்பாடம்" என்று சொல்லிவிட்டார். இப்போது யாராவது மலையை அனுப்பினால் அது முழுசாகத் திரையில் இறங்குவதற்குள் அழித்துவிடுகிறார். ஆப்பிரிக்கா அம்மாளின் பேரைக்கூடப் படிப்பதில்லை. எப்போதாவது வருகிற மார்த்தாவின் மெயில் ஒன்றைத்தான் திறக்கிறார். அதில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் இருக்கிறது.

மாசியில் ஸ்வாதி வந்தது. தாட்சாயிணி பிறந்த நட்சத்திரம். அன்று குருக்களுக்கு அம்மன் சன்னிதியில் முறை. பாகம்பிரியாள் மாதா மாதம் வருவதுபோல் தலைக்கு ஊற்றிக்கொண்டு, தேங்காய் பழத்தோடு வந்து, தட்டைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் புகுந்த வீட்டுக் கோத்திரத்தைச் சொல்வதுதான் வழக்கம். ஸ்கந்தன் வீட்டார் பாரத்வாஜ கோத்திரம், குருக்கள் வீடு கௌசிகம். குருக்கள் பூவை எடுத்துக்கொண்டு சங்கல்பத்தை ஆரம்பித்தார்.

"கௌசிக கோத்ரே…"

மறதியில் சொல்லிவிட்டார் என்று நினைத்தாள் பாகம்பிரியாள். "ஏன்னா, பாரத்வாஜம்" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.

குருக்கள் நிறுத்தினார். பூவோடு திரும்பி, நிலைப்படிக்கு அப்பால் நின்ற மனைவியின் கண்ணை நேராகப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக மறுபடியும் சொன்னார்.

"கௌசிக கோத்ரே."